ஒட்டிக்கொண்ட டம்ளர்கள்

பீர்மேடு, 1974 ஆனி

என் வீட்டுக்காரருக்கு,

பள்ளிவாசல் எஸ்டேட்டில் பெரியவன் வீட்டில் இருமல் குறைந்ததா? மருமகளிடம் வெந்நீர் கேட்கக் கூச்சப்படாதீர்கள்.

வேலையிலிருந்து நின்றவர்களுக்குத் தோட்டத்து லயத்தில் வீடு கிடையாது என்று சூப்பர்வைசர் மறுபடியும் சொல்லிவிட்டுப் போனார். திங்கட்கிழமை காலி செய்ய வேண்டும்.

எல்லாம் ஒழுங்காகத்தான் கட்டுகிறேன். பள்ளிவாசலுக்கு உங்களிடம் வருகிற சாக்குகளில் சிவப்புத் துணி. சின்னவனோடு நான் கம்பத்துக்குக் கொண்டுபோகிற சாக்குகளில் வெள்ளைத் துணி. இரண்டு வீட்டிலும் இடம் சின்னது. பிள்ளைகள் நம்மை ஆளுக்கு ஒருவராக வைத்துக்கொள்வதுதான் நியாயம். நான் ஒன்றும் சொல்லவில்லை.

நம் எவர்சில்வர் டம்ளர் இரண்டையும் பழக்கத்தில் ஒன்றுக்குள் ஒன்று போட்டுவிட்டேன். இறுகிக்கொண்டு வரமாட்டேன் என்கிறது. சின்னவன் இழுத்துப் பார்த்துவிட்டு, "வெந்நீர்ல போடும்மா, கழண்டுரும்" என்றான்.

அது எனக்குத் தெரியாதா? அடுப்பைக் கடைசியில்தான் கட்ட வேண்டும் என்பதும் தெரியும். அவன் அந்தப் பக்கம் போனதும் ஸ்டவ்வைச் சாக்குக்குள் போட்டு வாயைத் தைத்துவிட்டேன்.

சாக்குகளுக்கு நடுவிலிருந்து,
உங்கள் வீட்டுக்காரி