அடிமைகள் சிரிக்கும் நகரம்

2006 ஆகஸ்ட் 14, திங்கள்

இனி பிரபுவின் முகத்தில் விழிக்க மாட்டேன். ஒரு வருடமாக நாங்கள் இருவரும் சேர்ந்து ஒரு கம்ப்யூட்டர் கேம் செய்துவந்தோம். கதையும் வரைபடமும் என் வேலை, மற்றதெல்லாம் அவனுடையது. இன்று புதிதாக ஒரு நகரத்தைக் காட்டினான். அதில் பத்தில் ஒன்பது பேர் அடிமைகள். காவலுக்கு ஆள் இல்லை, சங்கிலி இல்லை. எல்லோரும் சிரித்தபடியே கல் சுமக்கிறார்கள்.

"நம்புற மாதிரியே இல்லடா. ஏன் ஒருத்தன்கூட ஓடல?" என்றேன்.

"ராசா நல்லவரு, சோறு போடுறாரு. எதுக்கு ஓடணும்?" என்றான்.

நான் விடவில்லை. அவனுக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஒங்கப்பா எரியோட்டுல எங்க தோட்டத்துலதான பன்னெண்டு வருசம் பண்ணையாளா கெடந்தாரு? யாரு கட்டிப்போட்டா? ஓடவா செஞ்சாரு?"

அவன் சட்டையைப் பிடித்துவிட்டேன். ஆனால் அடிக்கவில்லை. அடித்திருக்க வேண்டும் என்று இப்போதும் கை துடிக்கிறது. என் வரைபடங்களை அள்ளிக்கொண்டு வந்துவிட்டேன். அந்த நகரத்தை அவனே கட்டிக்கொண்டு அழட்டும்.

சாப்பிடும்போது அப்பாவிடம் கேட்டேன். "தோட்டத்துல இருந்து ஓடிப்போகணும்னு ஒங்களுக்குத் தோணவே இல்லையாப்பா?"

அவர் சோற்றைப் பிசைவதை நிறுத்தினார்.

"ஒருக்கா ஓடுனேன். தாடிக்கொம்பு வரைக்கும் போய்ட்டேன். ஒங்கம்மாவ மாட்டுக்கொட்டத்துல போட்டு அடைச்சிட்டாகன்னு ஆள் வந்து சொன்னான். திரும்பிட்டேன்."

அம்மா என் தட்டில் வெஞ்சனம் வைத்துக்கொண்டிருந்தாள். எத்தனை நாள் அடைத்து வைத்தார்கள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.