திருச்செந்தூரில் போடாத மொட்டை

தென்காசி,
சனிக்கிழமை.

அன்பு மகள் ஜெயபிரியாவுக்கு அப்பா எழுதிக்கொள்வது. என் முழங்காலையும் உன் அம்மாவின் கோபத்தையும் கழித்துவிட்டுப் பார்த்தால் இங்கே எல்லோரும் சுகம். அங்கே டப்ளினில் நீயும் மாப்பிள்ளை பேச்சிராஜும் சுகமாக இருக்க நம் சாஸ்தா துணையிருக்கட்டும். போன் இருக்கும்போது இவர் எதற்குக் காகிதத்தை வீணாக்குகிறார் என்று நினைப்பாய். போனில் நான் வாயைத் திறந்தால் உன் அம்மா பக்கத்தில் நின்று அடுத்து என்ன பேச வேண்டும் என்று எடுத்துக்கொடுப்பாள். அதோடு போன ஞாயிற்றுக்கிழமை நான் செய்த வீரச் செயல் உனக்கு மறந்திருக்காது. ஸ்கேனில் எல்லாம் சுத்தமாக இருக்கிறது, நோய் திரும்பாமலிருக்க இரண்டரை வருஷம் மாத்திரை சாப்பிட்டாயிற்று, இனி கொஞ்ச காலம் அதை நிறுத்திவிட்டுப் பிள்ளைக்கு முயற்சி செய்யலாம் என்று டாக்டர் சொல்கிறார், நீங்க என்ன சொல்லுதீய அப்பா என்று கேட்டாய். முப்பத்தொரு வருஷம் தென்காசி குற்றாலம் பஸ்ஸில் தொண்டை கிழியக் கத்திய கண்டக்டர் நான், இந்தா அம்மாகிட்ட குடுக்கேன் என்று போனை நீட்டிவிட்டு, மாடே இல்லாத தொழுவத்தைப் பார்வையிடப் போய்விட்டேன்.

பதிலுக்கு முன்னால் நம் பழைய பொய்யைப் பற்றிச் சொல்ல வேண்டும். கட்டியை எடுத்து, கடைசி கீமோவும் முடிந்து, கதிர்வீச்சு தொடங்குவதற்குள் கிடைத்த இரண்டு வாரத்தில் அம்மாவைப் பார்க்க வேண்டும் என்று நீ வந்து இறங்கினாயே, தலையில் ஒரு முடி இல்லாமல். மறுநாள் காலையிலேயே என் அக்கா, உன் முப்பிடாதி அத்தை, பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் தன் கமிஷன் கடையை அப்படியே போட்டுவிட்டு ஒரு கூடை தக்காளியோடு வந்து நின்று, இது என்னட்டி கோலம் என்றாள். புற்றுநோய் என்ற சொல்லையாவது எப்படியோ சொல்லியிருப்பேன். மார்பில் என்ற சொல்லைப் பெற்ற மகளை எதிரில் வைத்துக்கொண்டு ஒரு அப்பன் எப்படிச் சொல்வது? ஆகவே, தூத்துக்குடியில் விமானத்தை விட்டு இறங்கி நேரே திருச்செந்தூர் போய், பிள்ளை வரம் வேண்டி மொட்டை போட்டுவிட்டு வந்திருக்கிறாள் என்று அளந்துவிட்டேன். என் மூளையை நீ மெச்ச வேண்டும். புருவத்தையும் சேத்தாலே நேந்துக்கிட்டா என்று அத்தை கேட்டதற்கு, ஆமக்கா, முழு நேர்ச்சை என்று பதில் சொன்னவனும் நானே. நீ உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தாய். அழுதாய் என்று உன் அம்மா இன்றுவரை சொல்கிறாள். எனக்குச் சிரிப்பு மாதிரிதான் கேட்டது.

அதன்பிறகு நம் சொந்தக்காரர்களுக்கு வேறு வேலை ஏது? மொட்டை போட்டு இத்தனை நாளாச்சே, விசேஷம் உண்டுமா என்று கேட்காத ஆள் கிடையாது. கல்யாண வீட்டில் கை கழுவப் போன இடத்தில்கூட விடமாட்டார்கள். உன் முத்துச்செல்வம் சித்தப்பா குற்றாலத்தில் ஏதோ மூலிகைக் கடையில் வாங்கிய லேகியத்தை, ஒரு மண்டலம் தின்னா இரட்டைப் பிள்ள என்ற உத்தரவாதத்தோடு கொண்டுவந்து கொடுத்தார். அதைப் படம் பிடித்து உனக்கு அனுப்பி, நீ டாக்டரிடம் கேட்டு, ஹார்மோனால் வளரும் கட்டி வந்தவள் இதையெல்லாம் தொடவே கூடாது என்று சொன்னதும், உன் அம்மா டப்பாவோடு கொண்டுபோய் முருங்கை மூட்டில் கொட்டினாள். முருங்கை இந்த வருஷம் காய் தாங்காமல் கிளை ஒடிந்து கிடக்கிறது. கீமோவுக்கு முன்பே உங்கள் கருவை ஆஸ்பத்திரியில் உருவாக்கி உறைய வைத்திருக்கிற சங்கதியை இவர்களிடம் நான் எந்த வாயால் சொல்வேன்? ஃப்ரிஜ்ஜில் இரண்டு நாள் இருந்த இட்லி மாவையே முகர்ந்து பார்த்துச் சந்தேகப்படுகிற கூட்டம் இது.

இந்தப் புதன்கிழமை பங்குனி உத்திரம். வழக்கம்போல மேக்கரைப் பக்கம் நம் சாஸ்தா கோயிலுக்குக் குடும்பத்தோடு போயிருந்தோம். பொங்கல் பொங்கி இறக்குவதற்குள் உன் அத்தை சபையைக் கூட்டிவிட்டாள். குலதெய்வத்த விட்டுட்டு திருச்செந்தூர்ல போய் முடிய குடுத்தா சாஸ்தாவுக்கு கோவம் வராதா, அந்த மொட்ட செல்லாது, வைகாசில அவள வரச்சொல்லு, இங்கன வச்சு மறுபடியும் போட்டுருவோம் என்று தீர்ப்புச் சொன்னாள். கோயிலில் மொட்டை போடுகிற கடற்கரை என்பவனிடம் அதற்குள் நாள்வேறு குறித்தாயிற்று. எல்லோரும் தலையை ஆட்டினார்கள். இப்போதுதான் உனக்குத் தோள்வரைக்கும் முடி வந்திருக்கிறது. வீடியோவில் அதை முன்னால் எடுத்துப் போட்டுக்கொண்டு நீ எங்களுக்குக் காட்டுவது ஞாபகத்துக்கு வந்தது. எனக்கு எங்கிருந்து அப்படி ஒரு ஆத்திரம் வந்ததோ, எந்திரித்து நின்று, செங்கோட்டை பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்கிற குரலில், அவ மொட்டையே போடல, அவளுக்கு மார்புல புற்றுநோய் வந்துச்சு, மருந்துல முடி கொட்டிச்சு, நான்தான் பொய் சொன்னேன் என்று கத்திவிட்டேன். பக்கத்துக் குடும்பத்துப் பொங்கல் பானைக்காரர்களும் திரும்பிப் பார்த்தார்கள். உன் சித்தப்பா தன் போனில் என்னவோ தேட ஆரம்பித்தார். உன் அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

அத்தை பொங்கல் கரண்டியைப் போட்டுவிட்டு என்னிடம் வந்தாள். பிறகு, எனக்குச் சொல்லாம அந்தப் பிள்ளைய தனியா கெடக்க விட்டியேலே பாவி என்று என் முதுகில் ஒன்று வைத்தாள். வலித்தது, வயது எழுபது என்றாலும் தக்காளிப் பெட்டி தூக்கிய கை. நான் அழுதேன், மறைப்பதற்கு ஒன்றுமில்லை. அதற்குமேல்தான் அவள் தன் சட்டத்தை எடுத்தாள். முருகன் பேரச் சொல்லி மொட்டன்னு சொல்லிட்டே, சொன்ன மொட்டைய யாராவது போட்டாகணும், இல்லன்னா அது பிள்ள தலையில விடியும் என்றாள். பொய் சொன்னவன் போடுவதுதான் முறையாம். என் தலையைப் பார்த்தாள். அங்கே சாஸ்தாவுக்குக் கொடுக்க என்ன இருக்கிறது, இருந்த முடி பஸ் ஓடிய காலத்திலேயே இறங்கிப் போய்விட்டது. உடனே கொண்டையை அவிழ்த்துவிட்டுத் தானே கடற்கரை முன்னால் உட்கார்ந்துவிட்டாள். முருகனுக்குச் சொன்னதை சாஸ்தா கோயிலில் போட்டால் செல்லுமா என்று கேட்டேன். அண்ணன் தம்பிதானே, அவங்களுக்குள்ள பேசிக்கிடுவாங்க, நீ மீசையக் குடு என்றாள்.

நாற்பது வருஷ மீசை ஜெயா. டிக்கெட் எடுக்காதவனை அதைத் தடவிக் காட்டியே இறக்கிவிட்டிருக்கிறேன். கடற்கரை தண்ணீர் தடவிவிட்டு, வேண்டுதல மனசுல சொல்லிக்கிடுங்க அண்ணாச்சி என்றான். மனதில் சொல்லி வைத்ததன் லட்சணத்தைத்தான் மூன்று வருஷமாகப் பார்க்கிறோமே என்று நினைத்து, வாய்விட்டே சொன்னேன், எம் மக நல்லா இருக்கணும். பாதித் தலையோடு இருந்த அத்தை, ஏலே, மீசைக்கு ரெண்டு பக்கம் இருக்குல்லா, ஒரு பக்கத்த அவளுக்குக் குடு, ஒரு பக்கத்த பேரப்பிள்ளைக்குக் குடு என்றாள். இல்லக்கா, ரெண்டு பக்கமும் அவளுக்குத்தான் என்றேன். அதன்பிறகு எல்லோரும் குற்றாலம் மெயின் அருவிக்குக் குளிக்கப் போனோம். பங்குனியில் அங்கே என்ன கொட்டப் போகிறது, குழாயில் கசிகிற மாதிரி ஒரு ஓரத்தில் வடிந்தது. அதன் அடியில் அத்தை மொட்டைத் தலையை மாற்றி மாற்றிக் காட்டிக்கொண்டு நின்றதைப் பார்த்து உன் அம்மா சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து மூன்று வருஷம் ஆயிற்று.

இப்போது நீ கேட்டதற்கு வருகிறேன். பயமில்லை என்று எழுதினால் அது இன்னொரு பொய்யாகிவிடும், அதற்குக் கொடுக்க என்னிடம் இனி முடி இல்லை. டாக்டர் கொடுத்தார் என்று நீ அனுப்பிய காகிதத்தை மருந்துக்கடைத் தம்பியிடம் கொடுத்துத் தமிழில் இரண்டு தடவை கேட்டேன். எந்த உறுதியும் இல்லை என்பதைத்தான் நாலு பக்கம் எழுதியிருக்கிறார்கள். ஆனாலும் உனக்கு ஆசை இருக்கிறது என்பது உன் குரலிலேயே தெரிந்தது, அதைக் கேட்டுத்தான் நான் தொழுவத்துக்கு ஓடினேன். டாக்டர் சொன்ன நாளில் மாத்திரையை நிறுத்து. அவர் சொன்னபடி மூன்று மாதம் பொறுத்து முயற்சி செய்யுங்கள். பிள்ளை வந்தால் நான் மீசை வளர்ப்பதை நிறுத்திவிட்டு அதைத் தூக்கிக்கொண்டு திரிவேன். வராவிட்டால் எனக்கு ஏற்கெனவே ஒரு பிள்ளை இருக்கிறது, அது போதும். எது எப்படியானாலும் அவர் குறித்த கெடு முடிந்ததும் மாத்திரையைத் திரும்பத் தொடங்கிவிட வேண்டும், இன்னும் ஒரு மாதம் பார்க்கிறேன் என்ற பேச்சு கூடாது. பேரப்பிள்ளைக்காக வேண்டிக்கொள்ள ஊரே இருக்கிறது. உனக்காக மட்டும் வேண்டிக்கொள்ள ஒரு ஆள் வேண்டாமா?

அத்தை உன்னிடம் பேச வேண்டுமாம், அழுதால் கண்டுகொள்ளாதே. லேகியம் எதுவும் வராது, சித்தப்பாவை மிரட்டி வைத்திருக்கிறேன். குளிரில் வெறும் தலையோடு வெளியே போகாதே. மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். நீயும் அவரும் நோய்நொடி இல்லாமல் நெடுநாள் வாழ வேண்டும். டாக்டரைப் பார்த்துவிட்டு வந்ததும் போன் செய். நான்தான் எடுப்பேன், அம்மாவிடம் கொடுக்க மாட்டேன்.

இப்படிக்கு,
மீசை இல்லாத உன் அப்பா,
சிவசைலம்.