கல் பங்களாவில் மூன்று கண்ணாடித் துண்டுகள்

மார்ச் 6, வெள்ளி. காலை 7.40.
மூடுபனி. விரிசல் மூன்று. மூன்றும் கல் பங்களாவின் கூடத்தில், கணப்புக்கு மேலே. மேனேஜர் பார்க்கச் சொன்னார். எஸ்டேட்டில் சிவில் படித்தவன் நான் ஒருவன்தான்.

அந்தக் காலத்து வெள்ளைக்காரத் துரை இங்கிலாந்தில் இருந்த தன் பண்ணைவீடு மாதிரியே கட்டியிருக்கிறார். இரண்டடிக் கனச் சுவர், குட்டி ஜன்னல். வெண்பனி கொட்டாத ஊரில் பனி சறுக்கி விழக் கூரைச் சரிவு. கல்லெல்லாம் சுண்ணாம்புச் சாந்தில். பிறகு எவனோ வெளியே சிமெண்ட் பூசிவிட்டான். உள்ளே போன மழைநீர் வெளியேற வழியில்லை. முட்டாள் வேலை.

விரிசல்களின் குறுக்கே கண்ணாடித் துண்டு ஒட்டினேன். சுவர் அசைந்தால் உடையும்.

15ஆம் தேதி தங்கை கவிதாவின் கல்யாண விருந்து இதே கூடத்தில். லயத்தில் குடியிருக்கும் தொழிலாளர் குடும்பத்துக்கு இங்கே விருந்து இதுவே முதல் தடவை. அம்மா இந்தத் தரையை வருடக்கணக்கில் துடைத்தவர். எல்லா நாளும் பின்வாசல் வழி. மேனேஜர் அனுமதி தந்த அன்று அம்மா சொன்னது:

"தொரையே சொல்லிட்டாருடா, முன்வாசல் வழியா வாங்கன்னு."

மார்ச் 8.
வெயில். கண்ணாடி மூன்றும் முழுசு. கவிதா எட்டிப் பார்த்தாள்.
"ஏண்ணே, கல்யாணம் எனக்கு. நீ செவத்துக்குக் கண்ணாடி வளையல் போட்டுக்கிட்டு இருக்க?"
பிரிஞ்சாங் டவுனில் பூவுக்குச் சொல்லியாயிற்றாம்.

மார்ச் 9.
இரவெல்லாம் மழை. மூன்றும் உடைந்திருந்தன. தூக்குக்குண்டு கட்டி நேர் பார்த்தேன். இரண்டு முறை. புகைபோக்கி கூடத்தின் பக்கம் சாய்கிறது.

அம்மா விருந்துச் சேலைக்கு அயன் போட்டுக்கொண்டிருந்தார். சொன்னேன்.
"ஒரு நாள்தானடா. இத்தன வருசம் நின்னுச்சு, அன்னிக்குப் பாத்தா விழப்போவுது?"
"விழலாம்மா. கீழ நம்ம ஆளுங்கதான் ஒக்காந்திருப்பாங்க."
"நீ சொல்லாட்டி யாருக்குடா தெரியும்?"
உடைந்த கண்ணாடித் துண்டை மேசையில் வைத்தேன். அம்மா அதைப் பார்த்தார். அயன்பெட்டியை அணைத்தார். சேலையை மடித்து அலமாரியில் வைத்தார். பாதிதான் தேய்த்திருந்தது.

மாலை திரும்பப் போய் முன்வாசலை மட்டும் பார்த்தேன். யாரும் பார்க்கச் சொல்லவில்லை. அந்தப் பக்கச் சுவர் நேர். புகைபோக்கி பின்சுவரில், விழுந்தாலும் படிவரை எட்டாது.

இனி:
1. காலை 8 மணி, மேனேஜர். கூடத்தைப் பூட்டச் சொல்ல வேண்டும். எழுத்தில்.
2. தானா ராத்தா டவுனில் மண்டபம். கிடைக்காவிட்டால் லயத்து முன்னால் பந்தல்.
3. கவிதாவிடம் நானே சொல்வது.
4. 15ஆம் தேதி, கோயிலுக்குப் போகும் முன், முன்வாசல் படியில் குடும்பப் படம். அம்மா நடுவில். பின்னால் கதவு திறந்தபடி.