டிஷ் பெட்டிக்கு வைத்த பெயர்

ஜூன் 10, செவ்வாய்

விடியும்போதே மழை. துணி ஒன்றும் காயவில்லை. மகள் மதுவின் யூனிபோமை அடுப்புக்கு மேலே கயிறு கட்டிப் போட்டேன். ஒரே புகை வாசம். டீச்சர் ஏதும் சொல்வாரோ.

பிள்ளைக் காம்பராவில் நான் பார்த்துக்கொள்ளும் குழந்தைகள் இன்று குறைவு. இந்த மழையில் எந்தத் தாய் கொழுந்தெடுக்கப் போவாள்? தொட்டிலைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

சாயந்தரம் ஒரு கூத்து. டிவி போட போனில் பெட்டியின் ஆப்பைத் திறந்தால் நம் டிஷ் பெட்டியின் பெயர் மாறிக் கிடக்கிறது. போன தீபாவளி லீவில் மதுவின் அப்பா சுரேஷ் கட்டாரிலிருந்து கொண்டுவந்து, வைஃபையில் சேர்த்து, "கலா வீடு" என்று என் பெயரையே வைத்துவிட்டுப் போன பெட்டி. இப்போது "நிஷா வீடு". யார் இந்த நிஷா? நம் லய வரிசை வீடுகளில் அந்தப் பெயரில் ஆளே இல்லை.

பழைய பெயரையே திருப்பி வைத்தேன். மாமியிடம் மூச்சு விடவில்லை. சொன்னால் செய்வினை என்பார்.

ஜூன் 11, புதன்

தூறல். வாங்க: சீனி, தேங்காய், மாமியின் பிரஷர் மாத்திரை, மதுவுக்குக் குடை.

மறுபடியும் "நிஷா வீடு".

பக்கத்துக் காம்பராவில் இருக்கும் பெண் தர்ஷிதான். வேறு யார்? வைஃபை பாஸ்வேர்ட் லயம் முழுக்கத் தெரியும், கேட்டவருக்கெல்லாம் நானே கொடுத்தது. கூப்பிட்டு நன்றாக ஏசிவிட்டேன். அழுதுகொண்டே போனாள். அவள் அம்மா ராணி அக்கா வாசலில் வந்து நின்றார். "எம் புள்ளைக்கு பரீட்சைக்குப் படிக்கவே நேரம் பத்தல. ஒங்க பெட்டிக்குப் பேரு வக்கிறதுதான் அவளுக்கு வேலையா?"

வீம்புக்கு பாஸ்வேர்டையும் மாற்றினேன். பெட்டியின் பெயரையும் பழையபடி. தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் ஒருத்தரும் என்னோடு பேசவில்லை. வாளியைக்கூட நகர்த்திக் கொடுக்கவில்லை.

ஜூன் 13, வெள்ளி

கொஞ்சம் வெயில். கோயிலுக்குப் போகவில்லை.

வெள்ளி சுரேஷுக்கு லீவு. வழக்கமாக மத்தியானம்தான் அழைப்பார், இன்று காலையிலேயே. மாமியின் கால் வலி, மதுவின் படிப்பு, மழை. பிறகு, "கலா, அந்த டிஷ் பெட்டியில பேரு ஏதும் மாறியிருந்துச்சா?"

நான் அவரிடம் சொல்லவே இல்லை.

"ஏங்க?"

"இல்ல, சும்மா. இங்க ரூம்லயும் அதே மாதிரி ஒன்னு இருக்கு. அதுக்குப் பேரு மாத்தப் போயி..." நிறுத்திக்கொண்டார்.

அப்போதுதான் புரிந்தது: இரண்டு பெட்டியையும் ஒன்றாக வாங்கியவர். ஒரே கணக்கில் போட்டு, இரண்டுக்குமே "கலா வீடு" என்றுதான் வைத்திருக்கிறார். அங்கே இருப்பதற்குப் பெயர் மாற்றுவதாக நினைத்து, இரண்டு தடவையும் இங்கே இருப்பதை மாற்றியிருக்கிறார்.

"நிஷா யாருங்க?"

கூட வேலை செய்கிற பெண் என்றார். பிறகு, தானே சொல்ல இருந்தாராம்.

"ரூம்னு போடல. வீடுன்னு போட்டிருக்கீங்க," என்றேன்.

போனை வைத்துவிட்டேன். அடுப்பில் சோறு குழைந்துபோனது. அங்கேயும் என் பெயர் இருந்திருக்கிறது என்று நினைக்க நினைக்கத்தான் தாங்க முடியவில்லை.

ஜூன் 14, சனி

மழை.

தர்ஷியிடம் போய் புது பாஸ்வேர்டைச் சொன்னேன். தப்பு என் மேல்தான் என்றேன். ராணி அக்கா என் முகத்தைப் பார்த்தார். ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் வைத்துக் கொடுத்தார்.

மாமி, கண் ஏன் வீங்கியிருக்கிறது என்று கேட்டார். ஈர விறகு, புகை என்றேன். பெற்ற மகனைப் பற்றி எந்த வாயால் சொல்வது?

ஜூன் 15, ஞாயிறு

பனிமூட்டம். எதிர் மலை தெரியவில்லை. மாத்திரை வாங்க மறந்தாயிற்று.

சாயந்தரம் மது கார்ட்டூன் கேட்டாள். போனைத் திறந்து, இதுவரை தள்ளிப் பார்க்காத பட்டியலைக் கீழே தள்ளினால் இரண்டு பெட்டியும் ஒன்றின் கீழ் ஒன்று. மேலே "கலா வீடு", கீழே "நிஷா வீடு". கீழே பச்சைப் புள்ளி. அங்கே இப்போது டிவி ஓடுகிறது. இரண்டு பேரும் உட்கார்ந்து பார்க்கிறார்கள்.

அவர் இங்கே மாற்றலாம் என்றால் நான் அங்கே மாற்றக் கூடாதா? "நிஷா வீடு" என்பதை அழித்துவிட்டு, "மது அப்பா வீடு" என்று வைத்தேன்.

போனை மடியில் வைத்துக் காத்திருந்தேன். அழைப்பார் என்று. ஒரு வார்த்தையாவது.

மதுவின் கார்ட்டூன் முடியும் முன்பே மாறிவிட்டது. "நிஷா வீடு". இந்தத் தடவை அவருக்குப் பெட்டி தவறவில்லை.