படகைக் கவிழ்த்த மாணவியின் மனு

அனுப்புநர்
முதலாமாண்டு மாணவி (பதிவு எண் 117),
நிலவியல் துறை,
பெண்கள் விடுதி, அறை எண் 24.

பெறுநர்
உயர்திரு துணைவேந்தர் அவர்கள்,
பல்கலைக்கழக நிர்வாகக் கட்டடம்.

பொருள்: படகுப் பயிற்சியாளரின் தற்காலிகப் பணிநீக்கத்தை விலக்கவும், அவர் அளித்த தவறான விளக்கத்தைத் தள்ளுபடி செய்யவும், படகைக் கவிழ்த்த என்னை விசாரிக்கவும் வேண்டுதல்.

பார்வை: பதிவாளர் அலுவலக ஆணை, நாள் செப்டம்பர் 13.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எனக்கு வயது அறுபத்திரண்டு. முப்பத்துநான்கு ஆண்டுகள் பள்ளியில் கணிதம் கற்பித்து ஓய்வு பெற்றபின், இரண்டரை மாதங்களுக்கு முன் இங்கு மாணவியாகச் சேர்ந்தேன். என்னைச் சேர்த்துக்கொண்டதற்கு முதலில் நன்றி. புகார் மனுவில் நன்றி எதற்கு என்று அலுவலகத்தில் கேட்கக்கூடும். இதைச் சொல்லாமல் புகாரை மட்டும் சொல்வது, வழிமுறையை விட்டுவிட்டு விடையை மட்டும் எழுதுவது போல. அதற்கு நானே பாதி மதிப்பெண்தான் போட்டிருக்கிறேன்.

2. இந்த இரண்டரை மாதங்களில் வாழ்க்கையில் முதன்முறையாகப் பல காரியங்கள் செய்தேன். பாறையை நாக்கில் வைத்துப் பார்த்தேன். ஒட்டினால் களிமண் பாறை என்று பேராசிரியர் சொல்லித் தந்தார், ஒட்டியது. முதல் உள்தேர்வில் ஐம்பதுக்குப் பதினொன்று வாங்கினேன். நான் எத்தனை பிள்ளைகளிடம் பதினொன்றை நீட்டியிருக்கிறேன் என்று அன்று நினைத்துப் பார்த்தேன். அடுத்த தேர்வில் இருபத்தொன்பது. விடுதியில் என் அறைத்தோழிகள் மூவர். அவர்களுள் உயரமானவளை நெட்டை என்றும், விடிவதற்கு முன் எல்லோரையும் எழுப்புபவளை அலாரம் என்றும், பேச்சே இல்லாதவளை மௌனம் என்றும் அழைப்போம். மூவரும் இரண்டாமாண்டு; ஆனால் என்னைத்தான் "சீனியர்" என்கிறார்கள்.

3. இந்த மூவர்தான் என்னைப் படகு வகுப்புக்கு இழுத்துச் சென்றார்கள். நால்வர் படகுக்கு ஓர் ஆள் குறைந்தது. முழங்காலுக்கு மேல் தண்ணீரில் நான் இறங்கியதே இல்லை. பயமாக இருக்கிறது என்று பயிற்சியாளரிடம் சொன்னேன். அவர் சொன்னது: "பயத்தைக் கரையில விட்டுட்டு வாங்கன்னு நான் சொல்லமாட்டேன்மா. கூடவே கூட்டிட்டு வாங்க. அதுக்கும் ஒரு லைஃப் ஜாக்கெட் மாட்டிவிடுறேன்." முதல் மூன்று வகுப்புகளும் மிதப்பதற்கு மட்டுமே. ஒரு முறைகூட "இந்த வயசுல" என்ற சொல் அவர் வாயில் வந்ததில்லை. ஓய்வு பெற்ற நாள் முதல் அந்தச் சொல் வராத உரையாடலே எனக்கு அமையவில்லை என்பதைத் தாங்கள் கருத்தில் கொள்ள வேண்டும்.

4. நடந்தது இது. செப்டம்பர் 12, வியாழன், காலை ஏழே கால். பல்கலைக்கழக ஏரியில், கரையிலிருந்து முப்பதடி தொலைவில் நாங்கள் நால்வரும் ஒரே சீராகத் துடுப்புப் போட்டுக்கொண்டிருந்தோம். பதிவாளர் பார்வையிட வந்து படகுத்துறையில் நின்றார். அவரைக் கண்டதும் நான் துடுப்பை விட்டுவிட்டு எழுந்து நின்று வணக்கம் வைத்தேன்.

5. ஏன் எழுந்தேன் என்று என்னைக் கேட்டால் சொல்லத் தெரியவில்லை; என் கால்களைக் கேட்க வேண்டும். முப்பத்துநான்கு ஆண்டுகளாகக் கல்வி அதிகாரி வகுப்பு வாசலில் தலை காட்டியவுடன் எழுந்த கால்கள் அவை. வீட்டில் தொலைக்காட்சியில் யாராவது கோப்புடன் நடந்து வந்தாலே பாதி எழுந்துவிடுவேன். அந்தப் படகோ அகலம் குறைந்த பந்தயப் படகு. அளவுகோலை விளிம்பில் நிறுத்தி அதன்மேல் சாக்பீஸ் டப்பாவை வைத்தால் என்ன ஆகுமோ, அது ஆனது.

6. நால்வரும் விழுந்தோம். நால்வரும் ஜாக்கெட் அணிந்திருந்தோம், நால்வரும் மிதந்தோம். பயிற்சியாளர் சட்டையோடு குதித்து என்னிடம்தான் முதலில் வந்தார். இழப்பு: நெட்டையின் ஒரு செருப்பு, என் மூக்குக்கண்ணாடி. "சீனியர், யாருக்கு வணக்கம் வச்சீங்க, மீனுக்கா?" என்று அலாரம் தண்ணீரிலிருந்தே கேட்டாள். மௌனம் வாய்விட்டுச் சிரித்ததை அன்றுதான் கேட்டேன். கரையிலிருந்து பார்த்த பதிவாளர் பதறியதில் வியப்பில்லை. அவர்மீது எனக்குப் புகார் இல்லை.

7. என் புகார் பயிற்சியாளர்மீது. "போதிய எச்சரிக்கை அளிக்காமல் முதிய மாணவியை நீரில் இறக்கியதாக" அவர்மீது குற்றம் சாட்டி விளக்கம் கேட்கப்பட்டது. அதற்கு அவர், "படகில் எழுந்து நிற்கக் கூடாது என்று நான் சொல்லத் தவறிவிட்டேன்" என்று எழுதிக் கொடுத்துள்ளார். இது முழுப் பொய். முதல் வகுப்பிலேயே சொன்னார். பதினோரு வகுப்புகளில் பதினோரு முறை சொன்னார். "மழை வந்தாலும் எழுந்திரிக்காதீங்க, மாமியார் வந்தாலும் எழுந்திரிக்காதீங்க" என்பது அவருடைய வாசகம். பதிவாளரை அந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை. அது ஒன்றே அவர் குறை.

8. பிள்ளைகளின் குறிப்பேட்டில் ஒப்பமிட்டுப் பழகிய நான், ஒவ்வொரு வகுப்பு முடிந்ததும் என் குறிப்பேட்டை அவரிடம் நீட்டுவேன். "இது எதுக்கும்மா?" என்று சிரித்துக்கொண்டே அவரும் ஒப்பமிடுவார். அதை இத்துடன் இணைத்துள்ளேன். பதினோரு பக்கங்கள், ஒவ்வொன்றிலும் "எழுந்து நிற்கக் கூடாது" என்ற வரி, கீழே அவர் ஒப்பம், நாள்.

9. ஏன் இப்படி எழுதினீர்கள் என்று அவர் வீட்டு வாசலுக்கே போய்க் கேட்டேன். உள்ளே அவர் பெண் பிள்ளை பள்ளிக்குப் பின்னல் போட்டுக்கொண்டிருந்தாள், அவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "உங்க தப்புன்னு எழுதினா உங்க பேரை அடிச்சிருவாங்கம்மா. எனக்கு வேற ஏரி கிடைக்கும். உங்களுக்கு வேற காலேஜ் கிடைக்குமா?" ஐயா, நன்றி என்று சொன்னால் பொய்க்கு நன்றி சொன்னதாகும். வீட்டுக்குள் கூப்பிட்டார், போகாமல் திரும்பிவிட்டேன்.

10. ஆகவே வேண்டுவது: அவருடைய விளக்கத்தைத் தள்ளுபடி செய்து, அவரை மீண்டும் படகுத்துறைக்கு அனுப்ப வேண்டும். எனக்கு உரிய தண்டனையை வழங்க வேண்டும். விதிமுறை நூலில் படித்தேன். பயிற்சி ஒழுங்கை மீறிய மாணவருக்கு ஒரு பருவம் நீக்கம் வரை உண்டு. அதையே தந்தாலும் ஏற்கிறேன். வயதைப் பார்த்து மன்னித்துவிட மட்டும் வேண்டாம். மன்னிப்பு எனக்கு வந்தால், பழி மறுபடியும் அவரிடம்தான் போய் நிற்கும்.

11. வரும் வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு அவர்மீது நடக்கவுள்ள விசாரணையில் அவருக்கு முன்பாக என்னை அழைக்கக் கேட்டுக்கொள்கிறேன். அவர் முதலில் பேசினால் எழுதிக் கொடுத்ததையே சொல்வார். நானோ மாணவி. பயிற்சியாளர் பேசி முடித்தபின் அதை மறுத்துப் பேசும் துணிவு எனக்கு இன்னும் வரவில்லை.

இப்படிக்கு,
தங்கள் பல்கலைக்கழகத்தில் படிப்பதை மகிழ்ச்சியாகக் கருதும்,
(ஒப்பம்)
முதலாமாண்டு மாணவி, நிலவியல் துறை

இடம்: பெண்கள் விடுதி
நாள்: செப்டம்பர் 17, செவ்வாய்

இணைப்பு: படகு வகுப்புக் குறிப்பேடு ஒன்று (என்னோடு தண்ணீரில் விழுந்தது; ஈரம் காய்ந்தது, எழுத்து தெளிவாக உள்ளது).