கழுத்துத் தழும்பும் ஸ்கேன் பிலிமும்

அத்தை,

இன்று காலை உங்கள் பீரோவின் அடித்தட்டை ஒழித்தபோது, புடவைகளுக்குக் கீழே ஒரு பழுப்பு உறை கிடைத்தது. உள்ளே என் தலையை எடுத்த ஸ்கேன் பிலிம். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன். மூளையின் நடுவே இரண்டு பக்கமும் வெள்ளைத் திட்டுகள். நீங்கள் போய் இரண்டு வருடமாகிறது. அதை இத்தனை பத்திரமாக வைத்திருந்தீர்கள் என்று எனக்குத் தெரியாது.

2004-இல் மங்கலம்பேட்டையிலிருந்து கடலூர் முதுநகருக்கு உங்கள் மருமகளாக வந்தேன், ஒரு பொய்யோடு. ஆறு வருடம் முன்பே எனக்குத் தைராய்டு கட்டியை அறுத்து எடுத்திருந்தார்கள். தினமும் மாத்திரை சாப்பிடும் பெண்ணை யார் கட்டுவார்கள் என்று அம்மாவுக்குப் பயம். கல்யாணத்தோடு மாத்திரைகளை நிறுத்திவிட்டேன். தழும்பு தெரியாதபடி கழுத்தை ஒட்டி ஒரு முத்துமாலை போட்டுக்கொண்டேன்.

முதலில் உதட்டைச் சுற்றி எறும்பு ஊர்வதுபோல் இருந்தது. பிறகு மாவு பிசையும்போது விரல்கள் தாமாகக் கூம்பி இறுகின. மூன்றாம் வருடம், துணி துவைத்துக்கொண்டிருந்த இடத்திலேயே வலிப்பு வந்து விழுந்தேன். கடலூரில் கொடுத்த வலிப்பு மாத்திரைக்கு அது அடங்கவில்லை. "நோயாளிப் பொண்ண உங்க தலையில கட்டிட்டாங்க, அனுப்பி வுட்டுடு" என்று பக்கத்து வீட்டில் சொன்னபோது நீங்கள் கேட்டீர்கள்: "அவ என்னா கடையில வாங்குன சாமானா, திருப்பிக் குடுக்க?"

பள்ளிக்கூடச் சத்துணவுச் சமையலுக்கு லீவு சொல்லிவிட்டு, என்னையும் உங்கள் மகனையும் சிதம்பரத்துக்குக் கூட்டிப்போனீர்கள். அங்கே டாக்டர் ஸ்கேனை விளக்கில் மாட்டிப் பார்த்தார்.

"மூளையில சுண்ணாம்புச் சத்து படிஞ்சிருக்கு. இதுக்கு முன்னாடி கழுத்துல ஏதாவது ஆபரேஷன் ஆச்சாம்மா?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல சார்" என்றார் உங்கள் மகன். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"ஆயிருக்கு சார்" என்றீர்கள் நீங்கள். எழுந்து வந்து என் முத்துமாலையை மெல்ல விலக்கிக் காட்டினீர்கள்.

டாக்டர் என் கன்னத்தில் விரலால் தட்டினார். உதடு வெட்டி இழுத்தது. பிரஷர் பட்டையைக் கையில் இறுக்கினார், விரல்கள் கூம்பின. தைராய்டை எடுக்கும்போது அதன் பின்னால் இருக்கும் சின்னச் சுரப்பிகள் கெட்டுப்போயிருக்கும், அதனால்தான் ரத்தத்தில் கால்சியம் குறைந்து வலிப்பு வருகிறது, மூளையில் படிவதும் இதே கோளாறால் என்றார். ரத்தப் பரிசோதனையும் அதையே சொன்னது. கல்யாணத்தோடு மாத்திரையை நிறுத்தியதை அப்போதுதான் ஒத்துக்கொண்டேன்.

வெளியே வராந்தாவில் உங்கள் மகன் என்னைப் பார்த்துக் கத்தினார். "எல்லாரும் சேந்து என்ன ஏமாத்திட்டீங்க இல்ல?"

நீங்கள் நடுவில் வந்து நின்றீர்கள். "பொண்ணு பாக்கப் போனப்பவே எனக்குத் தெரியும்டா. காப்பி குடுக்க அவ குனிஞ்சப்ப தழும்பப் பாத்துட்டேன். நானும்தான் சொல்லல. திட்டுறதுன்னா என்னையும் சேத்துத் திட்டு."

அவர் மாத்திரை வாங்கப் போனார். இரண்டு வாரம் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் வேளை தவறாமல் தண்ணீரும் மாத்திரையும் கொண்டுவந்து வைத்தார்.

அன்று திரும்பும் பஸ்ஸில் உங்களைக் கேட்டேன், "ஏன் அத்தை அன்னிக்கே கேக்கல?"

"கேட்டா நீ கூசிப்போவன்னு நெனச்சேன். மாத்திரைய நிறுத்திட்டன்னு தெரிஞ்சிருந்தா கேட்டிருப்பேன். எம்மேலயும் தப்பு இருக்கு." சொல்லிவிட்டு நீங்கள் அழுதீர்கள். புதுச்சத்திரம் வரும்வரை இருவரும் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தோம்.

அந்த வெள்ளைத் திட்டுகள் கரையாது என்று டாக்டர் அப்போதே சொல்லிவிட்டார். ஆனால் வலிப்பு நின்றது. மகள் பிறந்தாள், அவளை ஒரு வருடம் நீங்கள் மடியில் போட்டுக் குளிப்பாட்டினீர்கள்.

போன வாரம் உங்கள் சின்ன மகனுக்குப் பண்ருட்டியில் பெண் பார்த்தோம். பெண்ணின் அம்மா எதையோ சொல்ல வந்து வந்து நிறுத்தினார். அவரைத் தனியாக அழைத்துப்போய் என் தழும்பைக் காட்டினேன்.

"எனக்கு வலிப்பே வந்திருக்கு. தெனமும் மாத்திரை போடறேன். எதுவா இருந்தாலும் பயப்படாம சொல்லுங்க."

அவர் புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பெண்ணுக்குத் தைராய்டு என்றார். அடுத்த மாதம் கல்யாணம், அத்தை. வரும்போது மாத்திரையை மறக்காமல் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.