‘அனைக்காதே’ என்று நீ எழுதிய சீட்டு

மகளே,

கணினியில் ‘அனைக்காதே’ என்று ஒட்டியிருக்கிறாய். மூன்று சுழி ணகரம் வர வேண்டும். நிற்க.

நீ வேகம் கூட்டிவைத்த கிராபிக்ஸ் கார்டு பதினொரு மணிக்குத் தொண்ணூற்றிரண்டு டிகிரியைத் தொட்டது. திரையெங்கும் பச்சைப் புள்ளிகள். மாலை ஐந்துக்கு ஒப்படைக்க வேண்டிய உன் அனிமேஷன் பாதியில் நின்றுவிடுமோ எனப் பதறினேன். நீயோ அலைபேசியை எடுக்கவில்லை. “இலக்கணத்தோட நிறுத்திக்கோங்கப்பா, இதுல கை வைக்காதீங்க!” என்று காலையில் நீ சீறியதை மறக்கவில்லை. ஆயினும், நீ செய்யக் கண்டவாறே வேகத்தை ஐம்பது மெகாஹெர்ட்ஸ் குறைத்து, விசிறியை முழுதும் முடுக்கினேன். இப்போது எழுபத்தெட்டு டிகிரி, வேலை தொடர்கிறது. மீண்டும் கூட்டாதே!

கண் மருத்துவரிடம் செல்கிறேன். சாவி எதிர்வீட்டில். சோறு மூடியிருக்கிறது.

பி.கு.: அணைத்தலுக்கு நிறுத்துதல், தழுவுதல் என இரு பொருள். முன்னதை நான் செய்யவில்லை. பின்னதை, நீ கோபித்து வாசல் கடந்தபோதே செய்திருக்க வேண்டும்.